இறகா, சிறகா?

கேள்வி: ‘ஃபுல்லி ஃப்ளெட்ஜ்டு’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘முழு முதிர்ச்சி அடைந்த’ என்று பொருள் கொள்ளலாமா? எங்கே பயன்படுத்துவது?

பதில்: முதிர்ச்சி வேண்டாம். அது பழத்துக்கு உரியது. ‘மெச்சூர்’ என்ற சொல்லே, கனிந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நீங்கள் கேட்கும் தொடர் பறவையுடையது. பறக்கும் அளவுக்கு இறகு வளர்வதுதான் ‘ஃப்ளெட்ஜ்’.

இறகு என்கிறேன், சிறகு அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதை எத்தனை முறை திருத்தினாலும் எனக்கு அலுக்காது. சிறகு உறுப்பு, இறகு அதில் முளைப்பது. சிட்டுக்குருவிக் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே அதற்குச் சிறகு உண்டு; வெறும் தோலாக, குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாளில் அதில் முள் முள்ளாகக் குழல்கள் நீளும். குழலின் உறை உதிர உதிர, உள்ளே சுருண்டிருந்த இறகு விரியும். ஏறத்தாழ 2 வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். வெளியே வந்த பிறகும் சில நாள் பெற்றோர்தான் இரை ஊட்டும். பறக்கத் தகுதி வந்துவிட்டது, முதிர்ச்சி இன்னும் வரவில்லை. நான் முதிர்ச்சியை மறுப்பது இதனால்தான்.

நம்மிடமும் ‘றெக்கை முளைச்சிடுச்சு’ இருக்கிறது. ஆனால் அதைத் திட்டுவதற்கே வைத்திருக்கிறோம். பிள்ளை சொந்தமாக ஒரு முடிவெடுத்தால் போதும், அந்த வார்த்தை வந்து விழும். ஆங்கிலத்தில் அதே சங்கதி தகுதிச் சான்று. நம் வசவை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, பயன்பாடு. பயிற்சி முடித்து உரிமம் வாங்கிய விமானியை அப்படிச் சொல்லலாம்; தமிழில் ‘முழுத் தகுதி பெற்ற விமானி’. கிளை அலுவலகமாக இருந்தது தனி நிறுவனமானால் ‘முழுமையான நிறுவனம்’. சிலர் இங்கே ‘முழு வீச்சில்’ என்று எழுதுகிறார்கள். வீச்சு வேகத்தைக் குறிப்பது, அதற்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கர்கள் ‘ஃபுல்லி’யை ‘ஃபுல்’ என்று சுருக்குவார்கள், அதுவும் சரியே. கடைசி ‘டு’வை மட்டும் விழுங்காதீர்கள். ‘ஃப்ளெட்ஜ்டு’ என்பதை ‘ப்ளெட்ஜ்டு’ என்றும் எழுதிவிடாதீர்கள், அது அடகு வைத்ததைச் சொல்லும் வேறு சொல்.