வசந்தம் வருகிறது, எனக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை?

கேள்வி இது: "வசந்த காலம் வந்தால் கவிதை வருகிறது, ஓவியம் வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. அந்த அமைதியான அழகை எப்படிப் பார்ப்பது? அதிலிருந்து எழுதுவதற்கு ஒரு தூண்டுதல் எப்படிக் கிடைக்கும்?"

எனக்கும் வந்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு நேரத்தில் சிறுகதை எழுதுகிறவன் நான். நடுவில் இரண்டு வருஷம் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த இரண்டு வருஷமும் வசந்தம் வரத்தான் செய்தது. ஒரு நாள் தலையைத் தூக்கிப் பார்த்தால் மரமெல்லாம் பச்சையாக நிற்கும். "அட, வந்துவிட்டதா" என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ரயில் போன பிறகு பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தவன் கதைதான்.

பழைய நோட்டைப் புரட்டினால் அதற்கு முந்தைய வருஷங்களில் வசந்தத்தைப் பற்றி எழுதியவை இருக்கின்றன. "மலர்கள் சிரித்தன", "தென்றல் தழுவியது". படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எந்த மலர், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து காற்று, ஒன்றும் கிடையாது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த மாதத்திலும் அதை எழுதியிருக்கலாம்.

அது மாறியதற்குக் காரணம் ஒரு கிளை. எங்கள் வீட்டு மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. வெளியே நிற்கும் அரசமரத்தின் ஒரு கிளை, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும். அந்த வருஷம் இலையெல்லாம் கொட்டி அது வெறும் குச்சியாக நின்றது. கால் சுளுக்கி, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. அந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது கண் போவதற்கு வேறு இடம் இல்லை.

குச்சியின் நுனியில் ஊசி மாதிரி ஒரு மொட்டு. பூமொட்டு இல்லை, இலைமொட்டு. அரசமரத்தில் ஒவ்வொரு இளம் இலையும் ஒரு கூரான உறைக்குள் சுருண்டு இருக்கும். இலை வெளியே வந்ததும் உறைக்கு வேலை முடிந்துவிடும், கழன்று விழும். விழுந்த இடத்தில் குச்சியைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கோடு நிற்கும். ஆல், அத்தி எல்லாவற்றிலும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் போய் வந்திருக்கிறேன், இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் உறை பிளந்து உள்ளிருந்து இலை தொங்கியது. தொங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், துணியை நனைத்துப் போட்ட மாதிரி நுனி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. நிறம் செம்பு. நோட்டில் "தேய்த்து வைத்த செம்புக் குடம் போல" என்று எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். குடம் நான் பார்த்ததில்லையே, இலையைத்தானே பார்த்தேன்? மறுபடி எழுதியது இது: "வெயில் பின்னாலிருந்து வருகிறது. நரம்புகள் இலையைவிட வெளிறித் தெரிகின்றன. நடு நரம்போடு மடிந்திருக்கிறது, இன்னும் முழுதாகப் பிரியவில்லை."

இரண்டு வருஷத்தில் நான் எழுதிய முதல் மூன்று வாக்கியங்கள்.

இளம் இலை ஏன் சிவப்பு என்று அப்புறம் தேடிப் படித்தேன். ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் முழுதாகச் சேர்வதற்கு முன் கடும் வெயில் இலையைத் தாக்காமல் இது தடுக்கிறது என்கிறார்கள், பூச்சிகளை விலக்கவும் உதவலாம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருப்பதும் வெயில் நேராக விழாமல் இருக்க ஒரு வழிதான். இதைத் தெரிந்துகொண்டால் அழகு போய்விடும் என்று சிலர் பயப்படுவார்கள். எனக்கு நேர் எதிராக நடந்தது. தலை குனிந்து நிற்கிற அந்த இலையின் மேல் ஒரு கரிசனம் வந்துவிட்டது, படியேறும்போதெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகத் தோன்றியது.

இங்கே ஒரு சின்ன சம்பவம். விழுந்த உறைகள் படிக்கட்டில் கிடந்தன. நான் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். படி கூட்டும் அக்கா, "என்ன தம்பி, குப்பையில பொறுக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. இலை மொட்டோட உறை இது. விழ ஆரம்பிச்சிருக்கு."

"இப்பவா? நான் பத்து நாளா இதத்தான் கூட்டித் தள்ளிட்டு இருக்கேன்."

நான் என்னவோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். என் கிளைதான் தாமதம். மரத்தின் மறுபக்கம், வெயில் படுகிற பக்கம், எப்போதோ தொடங்கிவிட்டிருக்கிறது. அது அவருடைய துடைப்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வசந்தம் "வந்த பிறகு" அதைப் பார்க்கப் போகிறீர்கள். அது வருவதைப் பாருங்கள். பூத்துக் குலுங்குகிற மரம் எல்லோருடைய கண்ணிலும் படும், அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் முன்பே பலர் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கிறது.

ஓவியர்களுக்கு இது தெரியும். டேவிட் ஹாக்னி 2011இல் இங்கிலாந்தின் கிழக்கு யார்க்ஷயரில் ஒரே ஒரு சாலையை, வசந்தம் அதில் வருவதை, ஐபேடில் வரைந்தார். 51 படங்கள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் தேதி. தொடங்கியது ஜனவரியில், அதாவது மொட்டைக் கிளைகளிலும் ஈரத் தரையிலும். வசந்தம் என்று பெயர் வைத்துவிட்டுக் குளிர்காலத்தில் தொடங்குகிற அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. வான்கோ வேறு ரகம். 1888 பிப்ரவரியில் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகருக்கு அவர் போய் இறங்கியபோது அங்கே பனி கொட்டிக் கிடந்தது. கொஞ்ச நாளில், பூவிட்டிருந்த ஒரு பாதாம் கிளையை வெட்டிக் கண்ணாடித் தம்ளரில் வைத்து வரைந்தார். பெரிய தோப்பு ஓவியங்களெல்லாம் அதற்கு அப்புறம்தான், பூ உதிர்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அடுத்தடுத்து வரைந்தவை. முதலில் வந்தது தம்ளரில் ஒரு குச்சி.

ஜப்பானில் ஒரு பழைய கணக்கு உண்டு. வருஷத்தை 72 சிறு பருவங்களாகப் பிரிப்பார்கள், ஒன்றுக்கு ஏறக்குறைய 5 நாள். சீனாவிலிருந்து வந்த முறை. 1685இல் வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் தம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அதை மாற்றி அமைத்தார். கிழக்குக் காற்று பனிக்கட்டியை உருக்குகிறது, கம்பளிப்புழு பட்டாம்பூச்சியாகிறது, இப்படித்தான் அவற்றின் பெயர்கள். அதில் ஒன்று, பீச் மரம் முதலில் பூக்கும் 5 நாள். அங்கே பூப்பதைக் குறிக்க எழுதும் எழுத்து "சிரிப்பு" என்பதற்கான எழுத்து! "மலர்கள் சிரித்தன" என்று எழுதியதற்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தவனுக்கு இது நல்ல அடி. சொல்லில் தப்பில்லை. எந்த மரம், எந்த 5 நாள் என்று பார்த்துவிட்டுச் சொன்னவர்களுக்கு அது பொருந்துகிறது. நான் பார்க்காமல் சொன்னேன்.

சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழில் எழுதுகிறவருக்கு இந்த விஷயத்தில் கையிருப்பு தாராளம். அரும்பு, முகை, மொட்டு, விரியப்போகிற நிலையில் போது, விரிந்தால் மலர், நன்றாக விரிந்தால் அலர், உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல். இலைக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த பட்டியல் இது. கிளை முன்னால் நின்றபோதுதான் இது பட்டியலே இல்லை, நாள்குறிப்பு என்று தோன்றியது. யாரோ தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் முகைக்கும் போதுக்கும் தனித்தனிப் பெயர் எதற்கு? "போது" என்பதற்கு நேரம் என்றும் பொருள் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சின்னதாக ஒரு சிலிர்ப்பு வரும்.

மரமே இல்லாத இடத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் வெளிச்சத்தைப் பாருங்கள். மார்ச் 20ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும், தென்கோளத்தில் வசந்தத்துக்கான அந்த நாள் செப்டம்பர் 22 அல்லது 23. சூரியன் வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ மிக வேகமாக நகர்வதும் அந்த நாட்களில்தான். 50 பாகை அட்சரேகைப் பக்கம் பகல் ஒரு நாளைக்கு 4 நிமிஷம் போல நீளும். 10 பாகையில் அரை நிமிஷம்தான், உணரவே முடியாது. ஆனால் சூரியன் எழும் இடம் எங்கேயும் தள்ளிப்போகும், ஒரு நாளைக்குத் தன் அகலத்தில் முக்கால் பங்கு தூரம் குறையாமல். ஜன்னல் வழியாகத் தரையில் விழும் வெயில் கட்டத்தின் ஓரத்தில் தினமும் ஒரே நேரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். எங்கள் மாடிப்படியில் ஒரு வாரத்துக்கு அப்படிப் போட்டேன். ஏழு கோடுகள், ஒன்றும் ஒன்றின் மேல் விழவில்லை. வீட்டில் இருப்பவர்கள் தரையை நாசம் செய்வதாகச் சொன்னார்கள், அது தனிக் கதை.

காதும் இருக்கிறது. பகல் நீள நீளப் பறவைகளின் உடலில் இனப்பெருக்கக் காலத்துக்கான மாற்றங்கள் தொடங்கும், அதிகாலைப் பாட்டு கூடும். குயில் கூவுவதை "அவள் பாடுகிறாள்" என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறோம். அந்தக் "கூ" என்ற நீண்ட கூவல் ஆண் குயிலுடையது, கரிய பறவை. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதன் குரல் வேறு. தெரிந்த பிறகு நான் எழுதிவைத்த ஒரு பழைய கவிதையைக் கிழித்துப் போட்டேன். பெரிய இழப்பு இல்லை.

சரி, இதெல்லாம் பார்த்தால் எழுத்து வந்துவிடுமா? எனக்கு உடனே வரவில்லை. ஐந்து வாரம் தேதியும் ஒரு வரியும் மட்டும்தான். உவமை கிடையாது, "அழகு" என்ற சொல் கிடையாது என்று எனக்கு நானே ஒரு தடை போட்டிருந்தேன். கைபேசியில் படம் எடுப்பதையும் நிறுத்தினேன். எடுத்தால் பார்த்துவிட்டதாக ஒரு திருப்தி வந்து, எழுத ஒன்றும் மிஞ்சுவதில்லை. நடுவில் வெளியூர் வேலையாக 5 நாள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது செம்பு நிறம் போய்ப் பச்சை ஏறிவிட்டது. நிறம் எப்படி மாறியது, நரம்பிலிருந்தா, ஓரத்திலிருந்தா? தெரியாமலே போயிற்று. நோட்டில் அந்த 5 நாளுக்கும் வெறும் தேதி மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று மிஞ்சியிருந்தது. இலை நன்றாக விரிந்து பச்சையான பிறகும், நடுவில் அது மடிந்திருந்த கோடு எனக்குத் தெரிந்தது. அதைக் குறித்துவைத்தேன். இரண்டு நாள் கழித்து, பல வருஷம் நான்காக மடித்து வைத்த ஒரு கடிதத்தைப் பிரிக்கிற பெரியவர் ஒருவர் மனசுக்குள் வந்து உட்கார்ந்தார். கடிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தால் அது தட்டையாக நிற்காமல் மடிப்பில் எழும்பிக்கொண்டே இருக்கிறது, அவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே படிக்கிறார். அதுதான் கதையின் முதல் பத்தி. கதையில் மரமும் இல்லை, வசந்தமும் இல்லை. வசந்தத்தைப் பார்த்தால் வசந்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இப்படிக் குறித்துவைப்பதற்கு எதற்கும் ஆகாது என்ற பெயர் உண்டு, ஆனால் இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கி வருஷா வருஷம் முதல் பூ, முதல் இலை, முதல் தவளைச் சத்தம் என்று எழுதிவந்தார். அவர் குடும்பம் 1958 வரை தொடர்ந்தது. தட்பவெப்ப மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்று அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். என் நோட்டுக்கு அந்த யோகமெல்லாம் வராது. அதில் பாதி என் கால் வலியைப் பற்றித்தான் இருக்கிறது.

ஆகவே நீங்கள் தினமும் எப்படியும் கடந்துபோகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கென்று பூங்காவுக்கோ மலைக்கோ போகவேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் நான்காம் நாள் நின்றுவிடும். இலை வருவதற்கு முன்பே தொடங்குங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். முதல் வாரம் உங்கள் குறிப்பெல்லாம் "மாற்றம் இல்லை" என்றுதான் இருக்கும்.

இந்த வருஷ நோட்டில் முதல் வரி என்னுடையது இல்லை. காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. படி கூட்டும் அக்கா நின்றுகொண்டிருந்தார், ஒரு கையில் துடைப்பம், இன்னொரு உள்ளங்கையில் காய்ந்த உறை ஒன்று. "தம்பி, விழ ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பக்கத்துக் கிளையில." தேதி போட்டு அதை அப்படியே எழுதிவைத்தேன்.