கோத்தகிரிப் பையனும் ஸ்காட்லாந்து மலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம்தான் எனக்குச் சொந்த ஊர். செப்டம்பரிலிருந்து எடின்பரோவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். அறையில் மூன்று தமிழ்ப் பையன்கள். வகுப்பு, கடை வேலை, சமையல், தூக்கம், இதற்கு வெளியே ஒருத்தரையும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் மலைநடை கிளப் இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசும் இங்கிலீஷ் பாதி புரிவதில்லை, நான் குடிப்பதும் இல்லை. மலையிலேயே பிறந்தவன்தானே, டிசம்பர் லீவில் தனியாகவே பென் நெவிஸ் ஏறிவிட்டு வந்தால் என்ன?
– பெயர் வேண்டாம், எடின்பரோ

பதில்: தனியாக வேண்டாம் தம்பி, அதுவும் டிசம்பரில் வேண்டவே வேண்டாம். அந்தக் கிளப்பில் சேருங்கள். நானும் படிக்கிற காலத்தில் அந்த ஊரில் இருந்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பென் நெவிஸ் 1,345 மீட்டர். உங்கள் கோத்தகிரியே அதைவிட உயரம், தொட்டபெட்டா 2,637. எண்ணை மட்டும் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு மலையாகவே தோன்றாது. ஆனால் ஊட்டியிலிருந்து தொட்டபெட்டாவுக்கு நாம் ஏறுவது நானூறு மீட்டர் சொச்சம்தான். அங்கே கடல் மட்டத்தை ஒட்டிய ஃபோர்ட் வில்லியமில் தொடங்கி கிட்டத்தட்ட அந்த 1,345 மீட்டரையும் காலால் ஏற வேண்டும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், அது 56-ஐத் தாண்டிய இடம். உச்சியில் 1883 முதல் 1904 வரை வானிலை நிலையம் ஒன்று இயங்கியது, அங்கே பதிவான ஆண்டுச் சராசரி வெப்பநிலையே உறைநிலையை ஒட்டித்தான் இருந்தது. டிசம்பரில் மதியம் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பனி மூடினால் பாதை கண்ணுக்கே தெரியாது, மேகமும் இறங்கிவிட்டால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இருக்காது, உச்சியின் வடக்குப் பக்கம் நேராகச் செங்குத்துப் பாறை. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து எண்ணி எண்ணி அடி வைக்கத் தெரிந்தவர்கள்தான் அந்த நேரத்தில் இறங்குவார்கள். நம் ஊர் மூடுபனியில் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு வீடு வந்து சேரும் பழக்கம் அங்கே உதவாது, ஏனென்றால் அந்தப் பாதை உங்கள் காலுக்குப் பழகியது, இது பழகாதது.

சரி, கிளப்புக்கு வருவோம். சேர்வதற்குப் பெரிய கட்டணம் இருக்காது, பல மாணவர் கிளப்புகள் பனிக்கோடாரியும் காலணியில் மாட்டும் இரும்புமுள்ளும் இரவல் தருகின்றன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லித் தருவார்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தைச் சனிக்கிழமையிலும் வார நாள் மாலையிலும் முடித்துக்கொண்டு, மலைக்குப் போவதற்காக ஞாயிறு மட்டும் வேலை வேண்டாம் என்று கடையில் இப்போதே சொல்லி வையுங்கள். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு நாளை விட்டுவிட்டால் ஊர் திரும்பும்வரை அறையும் கடையும்தான்.

இங்கிலீஷ் புரியவில்லை என்ற கவலைக்கு மலையைவிட நல்ல மருந்து கிடையாது. பத்துப் பேர் உட்கார்ந்து கத்திப் பேசும் அறையில்தான் நமக்கு ஒன்றும் பிடிபடாது. ஏற்றத்தில் பக்கத்தில் நடப்பவர் ஒருத்தர்தான், அவருக்கும் மூச்சு வாங்கும், அதனால் வார்த்தை நிதானமாக, இடைவெளி விட்டு வரும். பதில் சொல்ல உங்களுக்கும் நேரம் கிடைக்கும், பேச ஒன்றுமில்லை என்றால் சும்மா நடக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காலையில் இருட்டோடு மினிபஸ் கிளம்பும், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்கும், பாதி பேர் தூக்கம். மலையடிவாரத்தில் இறங்கியதும் வழிகாட்டுகிறவர் ஒவ்வொருவர் பையையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்: டார்ச் இருக்கிறதா, கூடுதல் கையுறை இருக்கிறதா, மழைக்கால்சட்டை இருக்கிறதா. ஜீன்ஸ் போட்டு வந்தால் ஏற விடாமல் நிறுத்திவிடலாம், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும் என்பதால். ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் வாங்கிய ஸ்வெட்டர் இருந்தால் அதுவே உள்ளே போதும், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள். அப்புறம் வீட்டிலிருந்து பார்சல் வரும்போது வர்க்கி அனுப்பச் சொல்லுங்கள். மினிபஸ்ஸில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினால் அடுத்த வாரம் உங்கள் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

குடிப்பழக்கம் பற்றி: இறங்கியதும் பப்புக்குப் போவார்கள், நீங்களும் போங்கள். ஆரஞ்சு ஜூஸோ டீயோ வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்குமாக வாங்கும் வழக்கம் உண்டு, "எனக்கு நானே வாங்கிக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முடிந்தது. கேய்லி என்ற கூட்டு நடனம் வைத்தால் தயங்காமல் போங்கள், அடவை ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், தெரியாதவர்களும் ஆடலாம். ஒரு ராத்திரியாவது பாத்தியில் தங்குங்கள். மலையில் ஆளில்லாத கல் குடிசைகள் அவை, மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, வாடகையும் இல்லை, அவற்றைப் பராமரிக்கும் தன்னார்வச் சங்கம் 1965-லிருந்து இயங்குகிறது. விறகையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோறு பொங்கிப் பகிர்ந்து சாப்பிட்ட பிறகு யாரும் அந்நியராக இருக்க முடியாது.

ஆபத்து என்றால் 999. போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்குவதில்லை. சிக்னல் மோசமான இடங்களில் குறுஞ்செய்தியிலும் 999-ஐ அழைக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே போனைப் பதிவு செய்ய வேண்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள். பென் நெவிஸ் எங்கும் போகாது, வசந்தம் போய் பனி கரைந்ததும் அதே கூட்டத்தோடு ஏறுங்கள்.

கேள்வி: நியூசிலாந்தில் படிக்கும் என் மகள் வாரக்கடைசியில் ஆணும் பெண்ணுமாக மலைக்குப் போய், ஒரே குடிலில் ராத்திரி தங்குகிறாளாம். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வருவதில்லை. போகாதே என்று சொல்லலாமா?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. சொன்னால் போவது நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். அங்கே இப்படிப்பட்ட குடில்கள் 900-க்கும் மேல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கின்றன. வரிசையாக அடுக்குக் கட்டில், பொது அறை, முன்பின் தெரியாத குடும்பங்கள், வயதானவர்கள் எல்லோரும் தங்குவார்கள். வந்தவர் பெயரும் அடுத்து எந்த வழி போகிறார் என்பதும் எழுத நோட்டுப் புத்தகம் இருக்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது கூடப்போகிறவர்களைப் பார்த்து அல்ல, ஆற்றைப் பார்த்து. மழை பெய்தால் அந்த ஊர் மலையாறுகள் சில மணி நேரத்திலேயே பொங்கிவிடும், கடக்கப் போய் உயிரை விட்டவர்கள் நிறைய. ஆறு ஏறியிருந்தால் குடிலிலேயே இன்னொரு நாள் இருந்துவிட்டு வா, லீவு போனால் போகட்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அந்த வார்த்தை அம்மாவிடமிருந்து வந்தால் அவளுக்குப் பெரிய பலம். ஒவ்வொரு முறையும் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாள், அவளிடமிருந்து தகவல் வராவிட்டால் அங்கே யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் மலைக்குப் போகிற எல்லோரையும் இப்படி யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகத்தான் சொல்கிறார்கள். அவசர எண் 111. போன் எடுக்காத இடங்களுக்கு, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவி வாடகைக்கே கிடைக்கும், அதற்கான காசை நீங்கள் அனுப்புங்கள். இன்னொன்று, அவர்கள் கோடைகாலத்தில் நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு அவள் போனுக்குக் காத்திருங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரை ஜனவரியில் ஊட்டிக்கு அழைத்து வருகிறேன். காட்டுக்குள் கூட்டிப் போகலாமா?
– வாசகர், மியூனிக்

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது, உள்ளூர் ஆள் என்றாலும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை மறக்க வேண்டாம். தமிழக அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம், கோத்தகிரி லாங்வுட் சோலை முதல் முறை வருகிறவர்களுக்கு நல்ல தொடக்கம். வெளியூர் வண்டியில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுங்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. இந்தியா என்றாலே வெயில் என்று நினைத்து அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்குவார்கள், தலைகுந்தா பக்கம் ஜனவரியில் விடிகாலைப் புல்லெல்லாம் உறைபனி என்று இப்போதே சொல்லி வையுங்கள்.