தையல் மெஷின் மக்கர் பண்ணினால்: கேள்வியும் பதிலும்

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கருப்புத் தலை வைத்த மிதி மெஷின்தான். தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்துத் தங்கச்சி: அக்கா, துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. பாபின் கோளாறுதானே?

அப்படி நினைத்துத்தான் எல்லாரும் பாபின் கேஸ், அதாவது அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு, அதன் திருகைத் திருகிக் கெடுத்துவிடுகிறார்கள். அடியில் சிக்கல் விழுந்தால் முதலில் மேல் நூலைப் பாரும்மா. துணியை அமுக்கும் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது. காலைத் தூக்கிவிட்டு, நூலை முழுக்க உருவி, திரும்பக் கோத்துப் பார்.

அதற்கும் சரியாகவில்லையா? பாபின் போட்ட கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடு. சும்மா இருக்கும்போது அப்படியே நிற்க வேண்டும். மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று கீழே ஓடினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். அப்போதுதான் திருகைத் தொட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

மேலப்பாளையம் அண்ணாச்சி: அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. புதிதில் நானும் விட்டேன். கொஞ்ச நாளில் அது பிசினாகி, பஞ்சையும் சேர்த்துப் பிடித்து, சக்கரம் கையாலேயே சுற்றவில்லை. மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால் எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சக்கரத்தைச் சுற்றுங்கள். கறுப்பாக அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. அப்புறம் பழைய துணியில் நாலு வரி ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணி.

பத்தமடை மைனி: கோரைப் பாயில் பை தைக்கிறேன். தையல் விட்டு விட்டு விழுகிறது.

என்ன ஊசி போட்டிருக்கிறீர்கள் மைனி? ரவிக்கைக்குப் போடும் 14ஆம் நம்பர் கோரைக்குத் தாங்காது, வளைந்துவிடும். 18 போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி, மெதுவாக மிதியுங்கள். நெருக்கித் தைத்தால் துளை மேல் துளை விழுந்து கோரை கிழியும். ஊசியில் நீளப் பள்ளம் ஒரு பக்கம் இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். ஊசி திரும்பியிருந்தாலும் இப்படித்தான் தையல் தாவும்.

தென்காசித் தங்கச்சி: சாரல் காலத்தில் ஊசித் தகடெல்லாம் துரு.

ஜன்னல் ஓரத்திலிருந்து தள்ளிப் போடு. பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடு, ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியால் மூடு. வாரம் ஒரு தடவை எண்ணெய் தொட்ட துணியால் துடை.

வீரவநல்லூர் மாணவி: மிதிக்கும்போது சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்துவிடுகிறது அக்கா.

பழகுகிற எல்லாருக்கும் இது நடக்கும் கண்ணு. கையால் சக்கரத்தை உன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அது சுற்றும்போதே மிதி. இரண்டு நாளைக்கு ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தாளை மெஷினின் துணி அமுக்கும் காலுக்கு அடியில் விட்டு மிதித்துப் பழகு. தாள் நேராக ஓட ஆரம்பித்ததும் ஊசியை மாட்டு.