சாலட் இலைகளைப் புழு தின்றால் என்ன செய்வது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் லெட்யூஸும் ராக்கெட் கீரையும் போட்டிருக்கிறேன், இலையெல்லாம் ஓட்டை, கடுமையான மருந்தில்லாமல் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. முதலில் எந்தப் புழு என்று பாருங்கள்.

ராக்கெட் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில் ஒரு சின்னப் புழு, தொட்டவுடன் துடித்து நெளிந்து நூல் விட்டுக் கீழே தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அதற்குக் கடுகு, கோசு குடும்பம்தான் வேண்டும், ராக்கெட்டும் அந்தக் குடும்பம்தான்; லெட்யூஸ் பக்கம் வராது. லெட்யூஸ் நாற்று அடியோடு அறுபட்டுக் கிடந்தால் வெட்டுப்புழுவாக இருக்கலாம். பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும், இரவில் டார்ச் அடித்துத் தேடினால் கையில் சிக்கும்.

கொஞ்சம் செடிதான் என்றால் தினமும் பொறுக்கிப் போடுவதே போதும். மீறிப் போனால் பி.டி. தூள், அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. புழு தின்றால்தான் அது வேலை செய்யும், அதனால் தண்ணீரில் கலந்து தெளிக்கும்போது இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும், டர்பன் வெயிலுக்குச் சாயங்காலம்தான் சரி, மழை பெய்தால் மறுபடி தெளியுங்கள். சின்னப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். தின்பதைச் சீக்கிரம் நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதற்குள் பதறி வேறு எதையும் அடித்துவிடாதீர்கள், பச்சையாகத் தின்கிற இலை அது.

அப்புறம், புழுவை ஒட்டி வெள்ளையாக அரிசிமணி மாதிரி கூடுகள் தெரிந்தால் அவை புழுவையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளுடையவை, தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த நடவில் நட்ட அன்றே கண் நெருக்கமான வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடுங்கள்.