அப்பத்தாவுக்கு ஒன்றும் தெரியாதா, தம்பி?

கேள்வி: பர்மாவில் இருந்த கடை 1942-ல் போனபின், எங்கள் ஐயா (அப்பாவின் தந்தை) 18 வயதில் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் சிப்பாயாகச் சேர்ந்து பர்மா முனைக்குப் போனவர். 1946-ல் ஊர் திரும்பினார். தை மாதம் அவருக்கு நூற்றாண்டு. முகப்பில் 3 அடிக்கு 2 அடி கருங்கல்லில் அவர் சேவையைப் பொறிக்க ஆசை. ‘துப்பாக்கி தூக்காதவருக்குக் கல்லா?’ என்கிறார்கள் பங்காளிகள். என்ன பதில் சொல்ல? பதிவுகளை எங்கே தேட? டிரங்குப் பெட்டியில் 2 நட்சத்திர மெடல், 1 வட்ட மெடல், கிழிந்த ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கின்றன. அப்பத்தா 91 வயதில் இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) இருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது.
– தேவகோட்டை வாசகர்

பதில்: கல்லுக்கு நீளம் அகலம் எழுதிய நீங்கள், அப்பத்தாவுக்குக் கொடுத்தது அரை வரி. ஒன்றும் தெரியாது என்று யார் சொன்னது? கேட்டுப் பார்த்தீர்களா? போர்முனையிலிருந்து வந்தவரோடு அரை நூற்றாண்டு குடித்தனம் செய்தவர் அவர். ஐயா ராத்திரியில் எதற்கு எழுந்து உட்கார்ந்தார், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டார் என்பது லக்னோ ராணுவ ஆவண அலுவலகத்தின் எந்த ஏட்டிலும் இருக்காது. இரண்டாங்கட்டில் இருக்கிறது. வீட்டுப் பெரியவரை உயிரோடு ஓரமாக உட்காரவைத்துவிட்டு முகப்பில் கல் நடுவது எனக்குச் சம்மதமில்லை.

‘போரில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் அவர் கையை விரிப்பார். கேட்கிறபடி கேளுங்கள். மஞ்சள் மாத்திரை பற்றி ஐயா சொன்னாரா? அது மெபாக்ரின், மலேரியாவுக்குத் தினம் ஒன்று, 0.1 கிராம். தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்ற புரளியும் உண்டு. அதனால் பலர் விழுங்காமல் துப்பிவிடுவார்கள். எதிரே நின்று விழுங்கவைக்க வேண்டியிருந்தது. பர்மா முனையின் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஸ்லிம் திடீர்ச் சோதனை நடத்தி, விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்த பட்டாலியனின் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினார். மூன்று பேரை இறக்கியதும் வழிக்கு வந்தது.

நெற்றியில் எழுத்து போட்டதைச் சொன்னாரா? காயம்பட்டவனுக்கு வலி மருந்தான மார்ஃபியா ஊசி கால் கிரெய்ன் போட்டால், நெற்றியில் ‘எம்’ என்று எழுதி, நேரத்தையும் குறிக்க வேண்டும். ரத்தம் போய் உடம்பு சில்லிட்டவனுக்குத் தோலடியில் போட்ட மருந்து உடனே ஏறாது. வலி நிற்கவில்லையே என்று அடுத்தவர் இன்னொன்று போடுவார். ஆஸ்பத்திரியில் உடம்பு சூடேறியதும் எல்லாம் சேர்ந்து ஏறி மூச்சே நின்றுபோகும். அந்த எழுத்தை மறக்காமல் போடுவது ஒரு நர்சிங் சிப்பாயின் பொறுப்பு. 19 வயதுப் பையன், மழையில், இருட்டில்.

பங்காளிகளுக்கு ஒரே கணக்கு போதும். 1943-ல் அந்த முனையில், காயத்தோடு பின்னால் அனுப்பப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயோடு அனுப்பப்பட்டார்கள். அதுவும் ஸ்லிம் சொன்னதுதான். அந்தப் படையைக் காலில் நிற்கவைத்தது துப்பாக்கி மட்டுமில்லை.

பதிவுக்கு வருவோம். மெடல்களைத் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயரும் படை எண்ணும் பொறித்திருப்பார்கள், நட்சத்திரத்தில் பின்பக்கம், வட்டத்தில் விளிம்பில். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து தேய்ந்துபோகும். அந்த எண் இல்லாமல் லக்னோ மருத்துவப் படை ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள், பழைய காகிதம் அதோடு போகும். நகல் எடுத்து, மூலத்தை யாரிடமும் விட்டுவிடாமல் வையுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைக்கு ஒன்றும் போகக்கூடாது.

நீங்கள் கேட்காதது ஒன்று. மூன்று வருஷச் சேவைக்கு ராணுவ ஓய்வூதியம் கிடையாது. ஆனால் ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப்போர் வீரருக்கும், அவர் காலமான பின் மனைவிக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி தருகிறது. அப்பத்தா வாங்குகிறாரா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வாங்கவில்லை என்றால், ஐயா காலமான நாளிலிருந்து இத்தனை வருஷமாக வீட்டில் படித்த பிள்ளைகள் என்ன செய்தீர்கள்?

சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஐயாவின் இறப்புச் சான்று, அப்பத்தாவின் ஆதார், வங்கிப் புத்தகம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். சிக்கல் வருவது பெயரில்தான். 1943-ல் ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியது ஒன்று, ஆதாரில் வேறொன்று. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் முன்கூட்டியே வாங்குங்கள். அந்தக் காலத்துக் கல்யாணத்துக்குப் பதிவு இருக்காது, வீட்டில் இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஓலை) பத்திரமாக இருந்தால் துணைக்கு வைக்கலாம். 91 வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்கு, அதனால் தை வரை காத்திருக்காதீர்கள்.

கல்தச்சரிடம் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கு விளக்கு வைத்தபின் மெடல்களை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போய், அப்பத்தா மடியில் வையுங்கள். கல்லில் என்ன எழுதுவது என்று முதலில் அவரைக் கேளுங்கள்.