சிறிய துணி வியாபாரிக்கு மாதச் சந்தா ஆன்லைன் கடை கட்டுபடியாகுமா?

கேள்வி இதுதான்: ஒருவர் வீட்டிலிருந்தே நைட்டி, சுடிதார் மெட்டீரியல், கேரளத்துச் செட் சேலை விற்கிறார். எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். ஷாப்பிஃபை மாதிரி மாதச் சந்தா கட்டுகிற ஆன்லைன் கடை ஒன்று போட்டால் வியாபாரம் பெருகுமா, இல்லை காசுதான் வீணா?

சந்தா கட்டியதால் வியாபாரம் பெருகாது. ஏற்கெனவே ஓடுகிற வியாபாரத்தில் வேலை குறையும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை பிடித்துவிட்டோம், ஆள் தானாக வரும் என்கிற நினைப்பில் கட்டுகிறவர்கள் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள். சந்தாவைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுக்கிற சம்பளமாக நினைத்துப் பாருங்கள். கணக்கு எழுத ஆள் வைக்கிற அளவுக்கு உங்களுக்கு வேலை இருக்கிறதா?

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். வீட்டு முன்னறையில் நானும் நாத்தனாரும் துணி விற்கிறோம். ஈரோடு கனி மார்க்கெட்டிலும் இளம்பிள்ளையிலும் சரக்கு எடுப்போம், ஓணத்துக்கு மட்டும் குத்தாம்புள்ளியிலிருந்து கொஞ்சம் கைத்தறி வரும். நேரில் வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஃபோனில் வாங்குகிறவர்கள் திருச்சூர், எர்ணாகுளம் பக்கம்.

ஓணம் நெருங்கும்போது ஃபோன் படுகிற பாட்டைச் சொல்கிறேன். ஸ்டேட்டஸில் ஒரு செட் சேலை ஏற்றியதும் "சேச்சி, இது உண்டோ?" என்று ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். ஒருவர் எடுத்து வையுங்கள், சாயங்காலம் ஜிபே பண்ணுகிறேன் என்பார். இன்னொருவர் வாய்ஸ் மெசேஜில் முகவரி சொல்வார், பின்கோடு இருக்காது. வேறொருவர் எப்போதோ போட்ட படத்தைத் தேடி எடுத்து, இதே கரை பச்சையில் வேண்டும் என்பார். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் மகளின் நம்பரிலிருந்து வரும், முகவரி அம்மாவின் நம்பரிலிருந்து வரும். நாத்தனார் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, பெயர், கரை நிறம், பணம் வந்ததா, கூரியர் நம்பர் என்று எழுதிக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு பீஸ் இருக்கிற சேலைக்கு இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டால் போச்சு. ஒருவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பி, சமாதானமும் சொல்லி, அதே விலையில் வேறு சேலைப் படங்களும் அனுப்ப வேண்டும்.

சந்தாக் கடை தீர்த்து வைப்பது இந்தத் தலைவலியைத்தான். ஒரு பீஸ் என்று போட்டு வைத்தால், முதல் ஆள் பணம் கட்டியதும் அடுத்தவருக்கு விற்றுவிட்டது என்று காட்டிவிடும். பின்கோடு இல்லாமல் ஆர்டர் விழாது. ஆர்டர், பணம், முகவரி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். பார்சலில் ஒட்டும் சீட்டும் அங்கிருந்தே அச்சாகும். சேலை எத்தனை மீட்டர், பிளவுஸ் பிட் உண்டா, கஸவா (கேரளச் சேலையின் பொன் ஜரிகை) சாதா ஜரிகையா என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். (படித்துவிட்டும் அதையே ஃபோன் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தச் சந்தாவாலும் மருந்து கிடையாது.)

சரி, விலைக்கு வருவோம். ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டம் இங்கே மாதம் சுமார் 2,000 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் குறையும். ஆனால் அதோடு முடியாது. வாங்குகிறவரிடம் பணம் வசூலிக்க ஷாப்பிஃபைக்குச் சொந்த வசதி இந்தியாவில் இல்லை. அதனால் வெளியே ஒரு பேமெண்ட் கேட்வேயை, அதாவது பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் நிறுவனத்தை, இணைக்க வேண்டும். கேட்வேக்காரர்கள் பொதுவாக 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுப்பார்கள். வெளி கேட்வே வைத்ததற்காக ஷாப்பிஃபையும் அடிப்படைத் திட்டத்தில் 2 சதவீதம் பிடிக்கும். இதை யாரும் முதலில் கவனிப்பதில்லை.

ஒரு சேலையை வைத்துப் பார்க்கலாம். 600 ரூபாய்க்கு எடுத்து 850-க்கு விற்கிறீர்கள். கையில் 250. ஃப்ரீ டெலிவரி என்று போட்டால் கூரியருக்கு ஒரு 70, கவரும் டேப்பும் 10, கேட்வேக்கு ஜிஎஸ்டியோடு 20, ஷாப்பிஃபை பிடிப்பது 17. மிச்சம் 133. சந்தா 2,000 ரூபாயைத் தேற்றவே மாதம் 15 சேலை விற்க வேண்டும். பதினாறாவது சேலையிலிருந்துதான் உங்கள் கைக்கு எதுவும் வரும். இதில் சேலைக்கான ஜிஎஸ்டி சேர்க்கவில்லை, விளம்பரமும் சேர்க்கவில்லை. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு ஒரு ஆர்டர் பிடிக்க 150 ரூபாய் ஆனாலே அந்தச் சேலை நஷ்டம்.

வாட்ஸ்அப்பில் விற்கும்போது இந்த வெட்டு எதுவும் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜிபே பணம் முழுசாக வருகிறது, கூரியர் காசை வாங்குகிறவரே தருகிறார். அதே ஆளை வெப்சைட்டுக்குக் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது "ஷிப்பிங் ஃப்ரீயா?" என்பதுதான். அப்புறம் கேஷ் ஆன் டெலிவரி உண்டா என்பார்.

துணி வியாபாரத்தில் சந்தாவைவிடப் பெரிய ஓட்டை இந்தக் கேஷ் ஆன் டெலிவரி. ஆள் வீட்டில் இல்லை, வேண்டாம் என்றுவிட்டார், ஃபோன் எடுக்கவில்லை, இப்படி ஏதாவது ஒன்று சொல்லிப் பார்சல் திரும்பி வரும். போன காசும் வந்த காசும் நம் தலையில். மேலே போட்ட கணக்குப்படி திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலும் நன்றாக விற்ற ஒரு சேலையின் லாபத்தைத் தின்றுவிடும். எங்களுக்கு ஒரு தடவை கோட்டயம் பக்கம் போன செட் முண்டு, விசேஷமெல்லாம் முடிந்த பிறகு, மடிப்புக் கலைந்து ஓரத்தில் சந்தனக் கறையோடு திரும்பி வந்தது. "கலர் மேட்ச் ஆகவில்லை" என்று காரணம் எழுதியிருந்தது. வெள்ளைத் துணிக்கு! அதிலிருந்து எங்கள் கடையில் முன்பணம் மட்டும்தான். ஆர்டர் குறைந்தது உண்மை. தூக்கம் நன்றாக வருகிறது என்பதும் உண்மை.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ மூன்றிலும் விற்பவரிடம் மாதச் சந்தா கேட்பதில்லை. ஆள் கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, விற்றால்தான் வெட்டு. மீஷோ கமிஷன் எடுப்பதில்லை என்கிறது, உண்மைதான், ஆனால் அங்கே அடிமாட்டு விலைக்குப் போட்டி. சூரத்திலிருந்து வருகிற விலைக்கு ஈரோட்டில் எடுத்த சரக்கை வைத்து நாம் நிற்க முடியாது. வாங்கியவரின் நம்பரும் நம் கைக்கு வராது, அடுத்த ஓணத்துக்கு அவரைக் கூப்பிட வழியில்லை. யார் வாங்கினாலும் சரி என்கிற மலிவு நைட்டிக்கு மீஷோ. பழகிய ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்குகிற சேலைக்கு நம் சொந்த வழி. என் பிரிவினை இது.

எங்களைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வேலந்தாவளம், வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். லாரி நிற்பதில்லை, அதனால் எல்லைக்கோடே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பொருள் விற்கிறவருக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். அடுத்த மாநிலத்துக்குப் பார்சல் அனுப்பினால் அந்த வரம்பு கிடையாது. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, மற்றபடி முதல் பார்சலிலிருந்தே பதிவு வேண்டும். இங்கிருந்து காசர்கோடு வரைக்கும் பதிவில்லாமல் அனுப்பலாம், கூப்பிடு தூரத்தில் இருக்கிற கோவைக்கு அனுப்ப முடியாது.

2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாதவர்களும் மீஷோ போன்ற தளங்களில் ஒரு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதுவும் சொந்த மாநிலத்துக்குள்தான். கடைக்குக் காம்போசிஷன் திட்டம் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) எடுத்திருப்பவர்களும் அதே நாளிலிருந்து இந்தத் தளங்களில் பொருள் விற்கலாம், ஆனால் அவர்களும் மாநிலம் தாண்டி விற்கக் கூடாது. ஆகவே சந்தாக் கடை போடுகிறவர்கள், பதிவு இல்லையென்றால், ஷிப்பிங் பக்கத்தில் சொந்த மாநிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுக்க என்பதுதான் பெரும்பாலும் முதலில் இருக்கும். பதிவு எடுத்தால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட வேண்டும். தாமதமானால் விற்பனை இல்லாத ரிட்டர்னுக்கு நாளுக்கு 20 ரூபாய், மற்றதற்கு 50. ஆடிட்டர் ஆபீசுக்கும் மாதாமாதம் ஒரு தொகை போகும். வெப்சைட் சந்தாவைக் கணக்குப் போடும்போது இதையும் அதே வரிசையில் எழுதுங்கள்.

அப்படியானால் யார் கட்டலாம்? மாதம் ஐம்பது ஆர்டருக்குமேல் வருகிறது, அதில் பாதியாவது ஏற்கெனவே வாங்கிய ஆட்கள், பதில் டைப் செய்தே பொழுது போகிறது என்றால் கட்டுங்கள், இரண்டாயிரம் பெரிய பணம் இல்லை. அதற்குக் கீழே இருந்தால் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இலவசமாக இருக்கும் கேட்டலாக் போதும். 500 பொருள் வரை ஏற்றலாம், விலையும் விவரமும் எழுதலாம், லிங்க் அனுப்பலாம். அதில் 500 பொருள் நிறைந்து, இன்னும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்கிற நிலை வரட்டும். வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டால் மாதச் சந்தா இல்லையே என்று சிலர் சொல்வார்கள். மென்பொருள் இலவசம்தான், ஹோஸ்டிங்குக்கு வருடக் காசு உண்டு. ஆனால் ஓணத்துக்கு முந்தின நாள் தளம் படுத்துவிட்டால் எழுப்பிவிட வீட்டில் ஒரு தம்பி வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை.

நாங்கள் வருடம் முழுக்கக் கட்டுவதில்லை. கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில், இங்கே துணி வியாபாரம் படுத்துவிடும். அந்தச் சும்மா இருக்கிற மாதத்தில் மாதத் திட்டமாக எடுத்து, படமெல்லாம் ஏற்றி, சிங்ஙத்தில் ஓண வியாபாரம் முடிந்ததும் நிறுத்திவிடுவோம். வருடச் சந்தாவில் தள்ளுபடி கிடைக்குமே என்று ஆசைகாட்டுவார்கள். இரண்டு மாதம் ஓடுகிற வியாபாரத்துக்குப் பன்னிரண்டு மாதக் காசு, தள்ளுபடி போனாலும் அதிகம்தான். நிறுத்துவதற்கு முன் வாங்கியவர்கள் பட்டியலையும் பொருள் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்வோம், அடுத்த வருடம் அப்படியே ஏற்றிவிடலாம்.

இலவச டிரையலைத் தொடங்கும் முன்பே படங்களை எடுத்து முடித்துவிடுங்கள், இல்லையென்றால் டிரையல் நாட்கள் சேலை மடிப்பதிலேயே போய்விடும். டியூப் லைட்டில் எடுத்தால் கஸவு பச்சையடித்துத் தெரியும், காலை வெயில் ஏறும் முன் திண்ணையில் வைத்து எடுங்கள். டொமைன் பெயரைக் கடை போட்டுத் தரும் ஏஜென்ட் பெயரில் விடாமல், உங்கள் ஈமெயிலில் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றித்தான் வரும். நாளைக்கு ஷாப்பிஃபையை விட்டு வேறு எதற்குப் போனாலும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தப் பெயரை நேராக உங்கள் வாட்ஸ்அப்புக்குத் திருப்பிவிட்டாலும், கவரில் அச்சடித்த முகவரியை மாற்ற வேண்டியிருக்காது.