12 பேருக்கு டின்னர் செட், தவணை மட்டும் உங்களுக்கு

கேள்வி: புது வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நாங்கள் நான்கு பேர். சோபாவுக்கும் டிவிக்கும் ஏற்கெனவே தவணை கட்டுகிறோம், மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. இந்த நிலையில் என் நாத்தனார், விருந்தினர் வந்தால் ஜோடி சேராத தட்டுகளை எடுத்து வைக்கிறோமே என்று சொல்லிச் சொல்லி, 12 பேருக்கான 76 உருப்படி போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்) செட் ஒன்றைக் காட்டியிருக்கிறார். தங்க விளிம்பு போட்டது. வட்டியில்லாத் தவணையாம், 12 மாதம். ‘இது செலவில்லை, முதலீடு’ என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இல்லை, ஸ்டோன்வேர் (தடித்த சுட்ட மண் பாத்திரம்), ஓபல் கண்ணாடி (பால் வெள்ளைக் கண்ணாடி) என்று வேறு ஏதாவது பார்க்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். போன் சைனாவில் குறை ஒன்றும் இல்லை. பார்க்க மெல்லிசாக இருந்தாலும் நல்ல உறுதியான வகைதான். எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது தவணை. சோபா முடியுமுன் டிவி, டிவி முடியுமுன் டின்னர் செட். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். மூன்றும் ஒரே தேதியில் கணக்கிலிருந்து போகும்போதுதான் வலிக்கும். அதுவும் இந்த மூன்றாவது, உங்கள் தேவைக்காக வருவதில்லை. வருகிறவர்கள் கண்ணுக்காக வருகிறது.

‘வட்டியில்லா’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். செட்டின் விலை 100 என்று வையுங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் 10 தள்ளுபடி, தவணைக்கு அது கிடையாது, போதாததற்கு ப்ராசஸிங் கட்டணம் 2 என்றும் வைத்துக்கொள்வோம். ஆக, 90-க்குக் கிடைக்கிற பொருளுக்கு 102 தருகிறீர்கள். கூடுதல் 12தானே என்று தோன்றும். ஆனால் கடன் 90-இல் தொடங்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக வருடம் முழுக்க நிலுவையில் இருப்பது 48 அளவுதான். 48-க்கு 12 என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 25 சதவீதம். கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ரொக்கம் என்றால் என்ன விலை, கட்டணம் எவ்வளவு. பதில் வந்ததும் மேலே உள்ள எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலீடு என்றாராமே! தட்டு வாடகை தராது, வட்டி தராது. திரும்ப விற்கப் போனால் கொடுத்த விலையில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம், அதிலும் ஒரு கிண்ணம் உடைந்த செட் என்றால் பேச்சே வேண்டாம். இந்தச் சொல்லை விற்பனையாளர் வாயில் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்து, 76 உருப்படி. நான்கு பேருக்குத் தினமும் வேண்டியது நான்கு பெரிய தட்டு, நான்கு சின்னத் தட்டு, நான்கு கிண்ணம், பரிமாற மூன்று நான்கு. மொத்தம் 16 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 60 அலமாரிக்கு. அந்தத் தங்க விளிம்பு உலோகம் என்பதால் மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் நாளாக நாளாக மங்கும். எனவே அந்த 16-ம் மெல்ல அலமாரிக்கே போய்விடும், தினமும் பழைய தட்டுதான் வெளியே வரும்.

எந்த வகை என்று கேட்டீர்கள். தினசரிப் புழக்கத்துக்கு ஓபல் கண்ணாடி போதும்: லேசு, ஒன்றன்மேல் ஒன்று அடக்கமாக உட்காரும், கறையை உறிஞ்சாது. உடைந்தால் மட்டும் சில்லுச் சில்லாகச் சிதறும். ஸ்டோன்வேர் 1,200 டிகிரி செல்சியஸ் அளவிலும் அதற்கு மேலும் சுடப்படுவதால் கெட்டி, ஆனால் கனம். பத்துத் தட்டை அடுக்கி ஒரே கையில் தூக்க முடியாது. மெலமைன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. எதை எடுத்தாலும் தட்டைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் வளையத்தின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், அடுக்கும்போது கீழ்த் தட்டின் மெருகில் கீறல் விழும். அப்புறம் பெரிய தட்டின் விட்டம்: பெரும்பாலும் 26, 27 செ.மீ. இருக்கும். உங்கள் மைக்ரோவேவுக்குள் அது சுழல இடம் இருக்கிறதா, அலமாரிக் கதவு மூடுமா என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். ‘டிவி தவணை முடியட்டும் அண்ணி, அப்புறம் பார்க்கலாம்’ என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாத மறுப்பு அடுத்த வாரமே திரும்பி வரும். அவரே வாங்கித் தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள், டிசைனை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் முடிகிற தவணை எதுவோ, அது நின்ற மாதத்திலிருந்து அதே தொகையை மூன்று நான்கு மாதம் தனியாக எடுத்து வையுங்கள். ரொக்கம் சேர்ந்ததும் ஆறு பேருக்கானதை வாங்குங்கள், விளிம்பில்லாத வெள்ளையில். ஒன்று உடைந்தால் அதே தட்டு ஒற்றையாகக் கிடைக்குமா என்று பில் போடுமுன் கேளுங்கள். செட்டாகத்தான் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள்.